ஒரே தேதி, இரண்டு வார இறுதிகள்: நெல்லையின் படக் கணக்கும் பந்துக் கணக்கும்

2014-ஆம் ஆண்டிலும் 2025-ஆம் ஆண்டிலும் ஆகஸ்ட் 2 சனிக்கிழமையாகவே வந்தது. 11 ஆண்டு இடைவெளியில் தேதியும் கிழமையும் பொருந்தியதால் இரண்டு வார இறுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்க முடிகிறது. இரண்டிலும் மதுரை வட்டாரக் கதை கொண்ட ஒரு தமிழ்ப் படம் திரையில் இருந்தது. 2014-இல் ஆகஸ்ட் 1 அன்று வெளியான ‘ஜிகர்தண்டா’. 2025-இல் ஜூலை 25 அன்று வெளியாகி இரண்டாம் வாரத்துக்கு வந்திருந்த ‘தலைவன் தலைவி’. இரண்டிலும் ஐரோப்பிய கால்பந்து கிளப்புகள், தங்கள் லீக் தொடங்குமுன் வெளிநாடுகளில் ஆடும் ப்ரீ-சீசன் ஆட்டங்கள் இருந்தன.

கணக்குக்கு அம்பாசமுத்திரத்தில் உள்ள 4 பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிக்குத் தொலைவு சுமார் 35 கி.மீ. டிக்கெட்டுக்கு அரசு விதித்த மல்டிபிளெக்ஸ் உச்சவரம்பையே இரு ஆண்டுகளுக்கும் விலையாகக் கொள்கிறேன். அதற்குக் குறைந்த கட்டணத்தில் படம் காட்டும் அரங்குகள் நெல்லையில் உண்டு. ஆனால் ஒப்பீட்டுக்கு ஒரே அளவுகோல் வேண்டும். வருமானத்துக்கான அளவுகோல், நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி: 2014-15-இல் 167 ரூபாய், 2025-26-இல் 336 ரூபாய். உயர்வு 101 சதவீதம்.

டிக்கெட்: 120 ரூபாயிலிருந்து 184.08 ரூபாய்

2014-இல் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டின் உச்சவரம்பு 120 ரூபாய். 2017 அக்டோபரில் அரசு அதை 25 சதவீதம் உயர்த்தி 150 ரூபாய் ஆக்கியது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி.; அக்டோபரில் புதிய தமிழ்ப் படங்களுக்கு 8 சதவீதம் உள்ளாட்சி கேளிக்கை வரி. கேளிக்கை வரியைச் சேர்த்த தொகையின் மீது ஜி.எஸ்.டி. கணக்கிட்டால் 150 ரூபாய் 207.36 ரூபாய் ஆகிறது. அதில் வரி மட்டும் 57.36 ரூபாய், அதாவது 27.7 சதவீதம்.

அதன் பிறகு இரண்டு முறை இறக்கம். 2019 ஜனவரி 1 முதல் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமானது, டிக்கெட் 191.16 ரூபாய். 2025 ஜூலையில் கேளிக்கை வரி 8-இலிருந்து 4 சதவீதமானது, டிக்கெட் 184.08 ரூபாய். 2017-இன் உச்சத்திலிருந்து இறக்கம் 23.28 ரூபாய், 11.2 சதவீதம். அடிப்படை விலையான 150 ரூபாய் இந்தக் காலம் முழுவதும் அசையவில்லை. ஆகவே குறைந்தது முழுவதும் வரிதான்.

184.08 ரூபாய் டிக்கெட்டை வரிவரியாகப் பிரித்தால் அரங்குக்கும் படத்துக்கும் 150 ரூபாய், ஜி.எஸ்.டி. 28.08 ரூபாய், உள்ளாட்சி கேளிக்கை வரி 6 ரூபாய். ஜி.எஸ்.டி.யில் பாதி, 14.04 ரூபாய், மாநிலத்துக்கு. கடைசி 6 ரூபாய்தான் உள்ளாட்சியின் பங்கு. 8 சதவீதமாக இருந்தபோது அது 12 ரூபாய். 4 பேர் படம் பார்த்தால் 48 ரூபாயாக இருந்த உள்ளாட்சி வரவு இப்போது 24 ரூபாய்.

குறைந்த விலை டிக்கெட்டில் நிலைமை வேறு. அடிப்படை 80 ரூபாய் என்றால் 2017-இன் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 101.95 ரூபாய், 2019-இன் 12 சதவீதத்தோடு 96.77 ரூபாய், 2025 ஆகஸ்டில் 93.18 ரூபாய், ஜி.எஸ்.டி. 5 சதவீதமாக இறங்கிய 2025 செப்டம்பர் 22-க்குப் பின் 87.36 ரூபாய். மொத்த இறக்கம் 14.3 சதவீதம். செப்டம்பர் மாற்றம் 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டைத் தொடவில்லை. அது 18 சதவீதத்திலேயே நிற்கிறது. எனவே அண்மைச் சலுகை, பெரிய திரையில் உட்காருபவரைவிடப் பழைய ஒற்றைத் திரையில் உட்காருபவருக்கே போய்ச் சேர்கிறது.

நாள் கூலியோடு ஒப்பிட்டால் 120 ரூபாய் என்பது 2014-இன் ஒரு நாள் கூலியில் 71.9 சதவீதம். 184.08 ரூபாய் 2025-இன் ஒரு நாள் கூலியில் 54.8 சதவீதம். டிக்கெட் 53.4 சதவீதம் ஏறியிருக்கிறது. கூலி 101 சதவீதம் ஏறியிருக்கிறது. “டிக்கெட் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது” என்ற பேச்சுக்கு, உச்சவரம்பை அளவாக வைத்தால், எண்கள் துணை வரவில்லை.

படத்தின் முழுச் செலவு: 1,040.32 ரூபாய்

டிக்கெட் மட்டும் செலவல்ல. வெளியூர்ச் சாதாரணப் பேருந்தின் கட்டணம் 2014-இல் கி.மீ.க்கு 42 பைசா. 2018 ஜனவரி திருத்தங்களுக்குப் பின் 58 பைசா. 35 கி.மீ. தொலைவுக்குக் கி.மீ. கணக்கில் ஒருவருக்குப் போக வர 2014-இல் 29.40 ரூபாய், 2025-இல் 40.60 ரூபாய். உயர்வு 38 சதவீதம். 4 பேருக்கு முறையே 117.60 ரூபாயும் 162.40 ரூபாயும். நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை என்றாலும் இந்த வழித்தடம் அதில் சேராது. பாளையங்கோட்டையிலிருந்தோ பேட்டையிலிருந்தோ படத்துக்கு வரும் பெண்ணின் பேருந்துச் செலவு 0 ரூபாய். அம்பாசமுத்திரத்துப் பெண்ணுக்கு 40.60 ரூபாய்.

2014-இன் கணக்கில் சேர்க்காத ஒரு செலவு 2025-இன் கணக்கில் புதிதாகச் சேர்கிறது: இணைய முன்பதிவுக் கட்டணம். டிக்கெட்டுக்கு 30 ரூபாய் என்று வைத்தால், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 35.40 ரூபாய், 4 பேருக்கு 141.60 ரூபாய். கேளிக்கை வரி பாதியானதால் இதே குடும்பத்துக்கு மிச்சமானது டிக்கெட்டுக்கு 7.08 ரூபாய் வீதம் 28.32 ரூபாய். முன்பதிவுக் கட்டணம் அதைப் போல் சரியாக 5 மடங்கு. கவுண்டரில் நின்று வாங்குபவருக்கு மட்டுமே வரிச்சலுகை முழுதாகக் கையில் நிற்கிறது.

பாப்கார்னில் வரி சிறிய தொகை. அரங்கின் சிற்றுண்டிக்கு 5 சதவீதமே ஜி.எஸ்.டி. என்று 2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. மன்றம் தெளிவுபடுத்தியது. 100 ரூபாய் பாப்கார்னுக்கு மேல் 5 ரூபாய் வரி; மீதி 100 ரூபாயை விலைப்பலகை தீர்மானிக்கிறது. டிக்கெட்டுக்கு உள்ளதுபோல் அதற்கு உச்சவரம்பு இல்லாததால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கூட்டினால் 2014-இல் டிக்கெட் 480 ரூபாய், பேருந்து 117.60 ரூபாய், மொத்தம் 597.60 ரூபாய், நாள் கூலியில் 3.58 நாள். 2025-இல் டிக்கெட் 736.32 ரூபாய், முன்பதிவு 141.60 ரூபாய், பேருந்து 162.40 ரூபாய், மொத்தம் 1,040.32 ரூபாய், 3.10 நாள். கவுண்டரில் வாங்கினால் 898.72 ரூபாய், 2.67 நாள். ரூபாயில் 74 சதவீதம் உயர்வு. உழைப்பு நாளில் 13 சதவீதம் குறைவு.

ஒரு ஆட்டம்: 672 ரூபாயிலிருந்து 16 ரூபாய்

2014 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் 3-1 என்று ரியல் மாட்ரிட்டை வென்றது. வந்த கூட்டம் 1,09,318 பேர்; அமெரிக்க மண்ணில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு அதுவரை காணாத எண்ணிக்கை. 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 4.74 லட்சம். அந்த ஒரு மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் எண்ணிக்கை நெல்லை மாநகர மக்கள்தொகையில் 23 சதவீதத்துக்குச் சமம். அங்கே மாலை 4 மணி, இங்கே ஞாயிறு அதிகாலை 1.30 மணி.

அந்த ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்திருந்தால் என்ன செலவு? விநாடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் ஒளிபரப்பு ஓடினால் மணிக்கு 1.35 ஜி.பி. தேவை. இடைவேளை சேர்த்து 1 மணி 50 நிமிட ஆட்டத்துக்கு ஏறத்தாழ 2.5 ஜி.பி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி 2014-இல் ஒரு ஜி.பி.யின் சராசரி விலை 268.97 ரூபாய். ஆட்டத்துக்கு 672.43 ரூபாய், அன்றைய நாள் கூலியில் 4 நாள். 4 பேர் பேருந்தில் வந்து படம் பார்த்துத் திரும்பும் 597.60 ரூபாயைவிட 12.5 சதவீதம் அதிகம். நடைமுறையில் அப்படிப் பார்த்தவர் அரிது. 2011-இல் அரசு கேபிள் நிர்ணயித்த மாதக் கட்டணம் 70 ரூபாய்; நாளுக்கு 2.33 ரூபாய். சேனல் கேபிளில் வந்தால் ஆட்டம் உண்டு, வராவிட்டால் இல்லை.

2018-இல் டிராயின் அதே சராசரி 11.78 ரூபாய்க்கு இறங்கியது. 4 ஆண்டில் 95.6 சதவீத வீழ்ச்சி. நாளுக்கு 2 ஜி.பி. வீதம் 28 நாளுக்கான ஜியோ திட்டம் 2024 ஜூலையில் 299 ரூபாயிலிருந்து 349 ரூபாய்க்கு ஏறியது. 56 ஜி.பி.க்கு வகுத்தால் ஒரு ஜி.பி. 5.34 ரூபாயிலிருந்து 6.23 ரூபாய். இந்த 16.7 சதவீத உயர்வுக்குப் பிறகும் ஒரு ஆட்டத்தின் டேட்டா செலவு 15.58 ரூபாய். நாள் கூலியில் 4.6 சதவீதம். மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டில் 12-இல் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம்.

2014-இல் ஒரு ஆட்டத்தின் டேட்டாவுக்கு 5.6 டிக்கெட் வாங்கலாம். 2025-இல் ஒரு டிக்கெட்டுக்கு 11.8 ஆட்டத்தின் டேட்டா வாங்கலாம். இந்தக் கணக்கேட்டில் இதைவிடப் பெரிய புரட்டல் இல்லை.

மின்சாரம் பொருட்படுத்தத் தக்க அளவில் இல்லை. 50 வாட் தொலைக்காட்சியும் 75 வாட் மின்விசிறியும் ஒரு ஆட்ட நேரம் ஓடினால் 0.23 யூனிட். வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. அதில் ஒரு ஆட்டத்தின் பங்கு 0.23 சதவீதம். தாமிரபரணி நீரால் ஓடும் பாபநாசம் மின்நிலையத்தின் நிறுவுதிறன் 32 மெகாவாட். 125 வாட் வீதம் ஒரே சமயத்தில் 2,56,000 வீடுகளுக்கு அது போதும்.

2 ஜி.பி. தீரும் நிமிடம்

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18. அன்றைய ப்ரீ-சீசன் ஆட்டங்களில் மூன்றை எடுத்துக்கொள்வோம். சியோலில் டோட்டன்ஹாம் - நியூகாசில், இந்திய நேரம் மாலை 4.30 மணி. அட்லாண்டாவில் பிரீமியர் லீக் கோடைத் தொடரின் கடைசி இரண்டு: வெஸ்ட் ஹாம் - போர்ன்மவுத் இரவு 11.30 மணி, மான்செஸ்டர் யுனைடெட் - எவர்ட்டன் திங்கள் அதிகாலை 2.30 மணி. சனி 0 மணியிலிருந்து எண்ணினால் வார இறுதி 48 மணி நேரம். மூன்றாவது ஆட்டம் தொடங்குவது 50.5-ஆவது மணியில். இரண்டாவது, 48-ஆவது மணியைக் கடந்து முடிகிறது. முழுதாக வார இறுதிக்குள் அடங்கியது சியோல் ஆட்டம் ஒன்றே.

சியோல் இந்தியாவைவிட 3.5 மணி முன்னால். அட்லாண்டா கோடையில் 9.5 மணி பின்னால். கிளப் கிழக்கே போனால் நெல்லைக்காரருக்கு அது மாலைத் தேநீர் நேரம். மேற்கே போனால் உறக்கம் போகும். 11 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுபவரின் 7 மணி உறக்கத்தில் 2.30 மணி ஆட்டம் 1 மணி 50 நிமிடத்தை எடுக்கிறது, 26 சதவீதம். அதுவும் வேலைக்குப் போகும் திங்கள்கிழமையின் கணக்கில்.

டேட்டாவிலும் ஒரு வரம்பு உண்டு. ஆட்டத்துக்குத் தேவை 2.5 ஜி.பி.; நாள் வரம்பு 2 ஜி.பி. 4ஜி-யில் மணிக்கு 1.35 ஜி.பி. வீதம் வரம்பு 89 நிமிடத்தில் தீர்கிறது. முதல் பாதிக்குக் கூடுதல் நேரம் சேர்த்து 47 நிமிடம், இடைவேளை 15 நிமிடம் கழித்தால் இரண்டாம் பாதியில் 27 நிமிடம் கிடைக்கிறது. அதாவது ஏறத்தாழ 72-ஆவது நிமிடம் வரை. அதன்பின் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட். தேவையான வேகத்தில் 2.1 சதவீதம். படம் உறைந்து நிற்கும்.

சியோலில் 60 நிமிடம் தாண்டியதும் சோன் ஹியுங்-மின் வெளியே அழைக்கப்பட்டார். 10 ஆண்டு ஆடிய டோட்டன்ஹாமுக்கு அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது. 64,773 பேர் எழுந்து நின்ற காட்சி 2 ஜி.பி.க்குள் அடங்கிவிட்டது. அட்லாண்டா ஆட்டத்தில் மேசன் மவுண்ட் 69-ஆவது நிமிடத்தில் அடித்து யுனைடெட்டை 2-1 என்று முன்னிலைக்குக் கொண்டுவந்தார், அதுவும் அடங்கியது. 75-ஆவது நிமிட வாக்கில் ஏடன் ஹெவனின் சொந்த வலைக் கோல் ஆட்டத்தை 2-2 ஆக்கியபோது வரம்பு தீர்ந்திருக்கும். 5ஜி கைப்பேசியும் 5ஜி சிக்னலும் உள்ளவருக்கு இதே 349 ரூபாயில் வரம்பு இல்லை. ஒரே திட்டம், ஒரே விலை. கையிலுள்ள கருவியையும் நிற்கும் இடத்தையும் பொறுத்து ஒருவருக்கு 2-1, இன்னொருவருக்கு 2-2.

சியோல் ஆட்டம், அட்லாண்டாவின் இரண்டாவது ஆட்டம் இரண்டையும் பார்த்தால் டேட்டா 5 ஜி.பி.; 31.16 ரூபாய். ஒளிபரப்புச் செயலிக்குச் சந்தா தேவைப்பட்டால், ஜியோஹாட்ஸ்டாரின் 3 மாத 149 ரூபாய் கைப்பேசித் திட்டத்தை 13 வாரத்துக்கு வகுத்து, வாரத்துக்கு 11.46 ரூபாய். மொத்தம் 42.62 ரூபாய். அதே வார இறுதியின் படச் செலவில் இது 4.1 சதவீதம்.

இங்கே நடந்த ஆட்டங்கள்: 0

மலிவானது தொலைவில் நடக்கும் ஆட்டம். அருகில் நடக்கும் ஆட்டத்தின் கணக்கு வேறு. இந்தியாவின் ப்ரீ-சீசன் போட்டி என்று சொல்லத் தக்கது 1888-இல் தொடங்கிய டூரண்ட் கோப்பை. 2025-இன் 134-ஆவது போட்டி ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 23 வரை நடந்தது. பரிசுத் தொகை 1.2 கோடி ரூபாயிலிருந்து 3 கோடி ரூபாய் ஆனது. 150 சதவீத உயர்வு. அணிகள் 24, ஆட்டம் நடந்த நகரங்கள் 5: கொல்கத்தா, ஜாம்ஷெட்பூர், கோக்ரஜார், ஷில்லாங், இம்பால். தமிழ்நாட்டு அணி 0, தமிழ்நாட்டு நகரம் 0. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிளப்புகளே 13-இல் 6 மட்டும்தான் வந்தன.

காரணம் ஒரு ஒப்பந்தம். ஐ.எஸ்.எல். நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் 2010-இல் கையெழுத்தான 15 ஆண்டு உரிம ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-இல் முடிவதாக இருந்தது. கூட்டமைப்புக்கு ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் தந்த ஒப்பந்தம் அது. புதுப்பிப்பு முடிவாகாத நிலையில் 2025 ஜூலை 11 அன்று அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. லீக் எப்போது என்று தெரியாதபோது அதற்கு முந்தைய ஆயத்த ஆட்டத்துக்கும் இடமில்லை. 2015-இலும் 2017-18-இலும் கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி., தமிழ்நாட்டின் ஒரே ஐ.எஸ்.எல். கிளப், அந்த வார இறுதியில் எங்கும் களமிறங்கவில்லை.

களமிறங்கியிருந்தாலும் நெல்லைக்குத் தொலைவு குறைவல்ல. திருநெல்வேலியிலிருந்து சென்னை எழும்பூருக்கு ரயிலில் சுமார் 653 கி.மீ.; 2023 செப்டம்பர் 24-இல் தொடங்கிய வந்தே பாரத் ரயிலுக்கு 7 மணி 50 நிமிடம். போக வர 15 மணி 40 நிமிடம், 90 நிமிட ஆட்டத்துக்கு. பயண நேரம் ஆட்ட நேரத்தைப் போல் 10.4 மடங்கு. படத்துக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து வழிக்கு 1 மணி வீதம் 2 மணி, படம் சுமார் 2 மணி 20 நிமிடம். பயணம் படத்தைவிடக் குறைவு.

ஐந்தொகை

4 பேர், அம்பாசமுத்திரம், ஆகஸ்ட் 2-3:

படம், 2014: 597.60 ரூபாய், 3.58 நாள் கூலி.
படம், 2025: 1,040.32 ரூபாய், 3.10 நாள் கூலி.
ஒரு ஆட்டம் கைப்பேசியில், 2014: 672.43 ரூபாய், 4.03 நாள் கூலி.
இரண்டு ஆட்டம் கைப்பேசியில், 2025: 42.62 ரூபாய், 0.13 நாள் கூலி.
படத்திலிருந்து உள்ளாட்சிக்கு, 2025: 24 ரூபாய்.
பந்திலிருந்து உள்ளாட்சிக்கு, இரு ஆண்டும்: 0 ரூபாய்.

இன்னும் ஒரு எண் மிச்சமிருக்கிறது: 500. அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிக்கு 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பாளையங்கோட்டையில் அப்படி ஒரு ஆட்டம் 100 ரூபாய் டிக்கெட்டில் நடந்தால், இதே குடும்பத்துக்கு டிக்கெட் 400 ரூபாய், பேருந்து 162.40 ரூபாய், மொத்தம் 562.40 ரூபாய். நாள் கூலியில் 1.67 நாள், படத்தைவிட 46 சதவீதம் குறைவு. ஆகவே நேரில் கால்பந்து பார்க்க இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் விலையோ ஜி.எஸ்.டி.யோ தடையாக இருப்பதாகத் தெரியவில்லை. கணக்கேட்டில் நிரப்பப்படாமல் இருப்பது ஆட்டங்களின் எண்ணிக்கை என்ற கட்டம்தான். அதை டேட்டா விலையாலோ வரிச்சலுகையாலோ நிரப்ப முடியாது. ஒரு அணியும் ஒரு அட்டவணையும் வேண்டும்.